காலையின் முதல் பில் ஏன் தடுக்கிறது?

ஜாலான் சுங்கை பினாங்கில் ஒரு மளிகைக்கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு 10 மணிக்குக் கதவைச் சாத்துகிறார்கள். காலை 7 மணிக்குத் திறக்கிறார்கள். கல்லாவில் இருக்கும் கணினியை யாரும் அணைப்பதில்லை. காலையில் முதல் வாடிக்கையாளர் பாலும் ரொட்டியும் எடுத்து வந்து நிற்கிறார். பில் போட்டால் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ பிழைச்செய்தி. இன்னொரு முறை அழுத்தினால் சரியாகப் போகிறது. அதன் பிறகு நாள் முழுவதும் ஒரு தொல்லையும் இல்லை. மறுநாள் காலையில் மறுபடியும் அதே கதை.

"மிஷின் இன்னும் சூடாகவில்லை" என்பார் கடைக்காரர். விளக்கம் தவறுதான். ஆனால் இரவு முழுவதும் சும்மா கிடந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று அவர் ஊகித்தது சரி.

கல்லாக் கணினியில் ஓடும் செயலி, பொருளின் விலை, கையிருப்பு, விற்பனைக் கணக்கு எல்லாவற்றையும் வேறோர் இடத்தில் உள்ள தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. சிறு நிறுவனங்கள் அதிகம் பயன்படுத்தும் தரவுத்தளங்களில் ஒன்று மை-எஸ்கியூஎல். அதில் யாரும் மாற்றாவிட்டால் 28,800 என்ற ஓர் எண் இருக்கும். ஓர் இணைப்பில் அத்தனை வினாடிகள் எந்தப் பேச்சும் இல்லாவிட்டால் சர்வர் அந்த இணைப்பைத் துண்டித்துவிடும். 28,800 வினாடி என்பது சரியாக 8 மணி நேரம். கடை மூடியிருந்ததோ 9 மணி நேரம். விடிவதற்கு முன்பே சர்வர் தொடர்பை முறித்துக்கொண்டு, முறித்த செய்தியையும் அனுப்பிவிட்டது. கல்லாவில் இருக்கும் செயலி அதைப் பார்க்கவில்லை. வாசலில் கிடக்கும் கடிதத்தைப் பிரித்துப் படிக்காதவர் போல, முதல் பில்லை அனுப்பும்போதுதான் அதற்கு விஷயமே தெரிகிறது. செத்த இணைப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று போடுகிறது. அதனால்தான் இரண்டாவது முறை வேலை செய்கிறது.

இந்தச் சின்னத் தொல்லையை மட்டும் தீர்ப்பது எளிது. ஓர் இணைப்பை இத்தனை நிமிடத்துக்கு மேல் வைத்திருக்காதே என்று செயலிக்குச் சொல்லிவிடலாம். ஜாவா நிரலாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஹிகாரி என்ற மென்பொருள், தானாகவே 30 நிமிடத்துக்கு ஒருமுறை பழைய இணைப்பை மாற்றிவிடுகிறது. 8 மணி நேர எல்லையை அது தொடுவதே இல்லை. ஆனால் இணைப்பு என்றால் உண்மையில் என்ன என்று கேட்கத் தொடங்கினால், காலைப் பில்லைவிடப் பெரிய ஆபத்துகள் வரிசையாகக் கண்ணில் படும். அவற்றில் ஒன்று நேராக வாடிக்கையாளரின் பணத்தில் கை வைக்கிறது.

கம்பி அல்ல, நினைவு

இணைப்பு என்றதும் நம் மனத்தில் ஒரு கம்பி தோன்றுகிறது. கம்பி உண்டுதான், ஆனால் இணைப்பு அந்தக் கம்பியில் இல்லை. இரண்டு முனைகளிலும் உள்ள கணினிகள், "நான் உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன், நீ கடைசியாகச் சொன்னது இது" என்று தத்தம் நினைவகத்தில் எழுதி வைத்திருக்கும் குறிப்புதான் இணைப்பு. நடுவில் கடலுக்கடியில் ஓடும் வடத்துக்கு உங்கள் கடையும் தெரியாது, உங்கள் பில்லும் தெரியாது.

அந்தக் குறிப்பை முதலில் எழுதிக்கொள்ளக் கொஞ்சம் பேச்சுவார்த்தை தேவை. பேசலாமா என்று கேட்க வேண்டும், பேசலாம் என்று பதில் வர வேண்டும், மறையாக்கத்துக்கான சாவிகளை ஒப்புக்கொள்ள வேண்டும், பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்க வேண்டும். ஐந்தாறு முறை செய்தி போய்த் திரும்பினால்தான் முதல் கேள்வியைக் கேட்க முடியும். பே ஆஃப் பெங்கால் கேட்வே என்ற கடலடி வடம் சென்னையிலும் கரையேறுகிறது, பினாங்கிலும் கரையேறுகிறது. இரண்டு ஊருக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 2,300 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். எனவே ஒரு செய்தி போய்த் திரும்பக் குறைந்தது 23 மில்லி வினாடி. சர்வர் சென்னையில் இருந்தால் பாலின் விலையைக் கேட்க அந்த 23 போதும். ஒவ்வொரு முறையும் புதிதாக இணைப்புப் போட்டுக் கேட்டாலோ அதைப் போல ஐந்தாறு மடங்கு ஆகும். கேள்வி சிறிது, கேட்பதற்கான சடங்கு பெரிது. அதனால்தான் ஒருமுறை போட்ட இணைப்பை மூடாமல் வைத்துக்கொள்கிறார்கள். வினையும் அங்கேதான் ஆரம்பம்.

ஒரு முனை சொல்லிவிட்டுப் போனால் பரவாயில்லை. சொல்லாமல் போனால்? மின்சாரம் நின்றது, ரௌட்டரைப் பிடுங்கி மாட்டினார்கள், நடுவில் உள்ள தீத்தடுப்புக் கருவி மறந்துவிட்டது. கடைசியில் சொன்னது விளையாட்டுப் பேச்சல்ல. அமேசானின் மேகச் சேவையில் உள்ள ஒரு வகை நுழைவாயில், 350 வினாடி பேச்சில்லாத இணைப்பைத் தன் அட்டவணையிலிருந்து எடுத்துவிடும். இரு முனைகளும் உயிரோடு இருக்கும், இருவருமே இணைப்பு இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார்கள், நடுவில் பாதை இருக்காது.

இப்படிப்பட்ட பாதி உயிர் நிலையைக் கண்டுபிடிக்க, அவ்வப்போது "இருக்கிறாயா?" என்று தட்டிப் பார்க்கும் ஏற்பாடு டிசிபி என்ற இணைய நெறிமுறையிலேயே உண்டு. லினக்ஸ் கணினிகளில் அது முதல் முறை தட்டுவது 2 மணி நேரம் கழித்து. அதுவும் செயலி கேட்டுக்கொண்டால் மட்டுமே. அதற்குள் பில்லை அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? பதில் வராததால் கணினி அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும். லினக்ஸின் இயல்பு அமைப்பில் இது சுமார் 15 நிமிடம் நீளும். கல்லாவில் ஒருவர் 15 நிமிடம் நின்றால் வரிசை ஜெலுத்தோங் வரை போய்விடும். ஆகவே நிரலாளர் தன் பங்குக்கு ஒரு காத்திருப்பு எல்லை வைத்தே ஆக வேண்டும்: சில வினாடிகளில் பதில் இல்லையா, விட்டுவிடு, பிழை என்று சொல். எல்லை வைக்காத செயலியைவிட, தவறான எல்லை வைத்த செயலி மேல்.

முழுதாகச் செத்த இணைப்பைச் சமாளிக்கலாம். விட்டு விட்டு வரும் இணைப்புதான் உயிரை வாங்கும். 2019 ஆகஸ்ட் 21 தொடங்கிச் சில நாள்கள் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் பட்ட பாடு நினைவிருக்கலாம். வலையமைப்புக் கருவியில் கோளாறு. பயணப் பதிவு முகப்புகளும் விமானத் தகவல் திரைகளும் தடுமாறின. ஊழியர்கள் வெள்ளைப் பலகையில் கையால் விமான நேரங்களை எழுதி வைத்தார்கள். என்னைக் கேட்டால், அன்று அந்த நிலையத்தில் மிகவும் நம்பகமான தரவுத்தளம் அந்தப் பலகைதான்.

நான்கு படகுகளும் நூறு பயணிகளும்

ஒரு கல்லா என்றால் ஓர் இணைப்பு போதும். ஆயிரம் பேர் கைப்பேசியில் ஒரே நேரத்தில் பொருள் வாங்கும் செயலிக்கு? ஆளுக்கோர் இணைப்பு கொடுக்க முடியாது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒவ்வோர் இணைப்புக்கும் தனியாக ஒரு செயல்முறையை ஓட்டுகிறது. அதன் இயல்பு எல்லை 100. மை-எஸ்கியூஎல்லுக்கு 151. எனவே சில இணைப்புகளை முன்கூட்டியே போட்டு வைத்து, தேவைப்படுவோர் எடுத்துப் பயன்படுத்தித் திருப்பிக் கொடுக்கும்படி செய்கிறார்கள். இதைக் கனெக்‌ஷன் பூல் என்பார்கள். நாம் இணைப்புத் தொகுப்பு எனலாம்.

பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்க வேறெங்கும் போக வேண்டாம். தெலுக் பாஹாங், தெலுக் டுயோங், தெலுக் கம்பி, தெலுக் கும்பார் என்று நான்கு புதிய படகுகள் 2023 ஆகஸ்ட் முதல் தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே பயணிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றுகின்றன. ஒவ்வொரு பயணிக்கும் ஒரு படகு கட்டிக் கரை சேர்ந்ததும் உடைத்துப் போடுவதில்லை. இருக்கும் படகுகள் போய்ப் போய் வருகின்றன. கூட்டம் அதிகமானால் துறையில் வரிசை நிற்கிறது.

வரிசையைக் கண்டதும் புதிய நிரலாளருக்குத் தோன்றுவது, படகைக் கூட்டுவோம் என்பதுதான். 10 இணைப்பை 200 ஆக்கிவிடுகிறார். பல நேரம் வேகம் கூடாது, குறைந்துபோகும். தரவுத்தளக் கணினியில் நான்கு செயலிக்கருக்கள் இருந்தால் ஒரு கணத்தில் நான்கு வேலைதான் உண்மையில் நடக்கும். மீதி 196 பேரும் ஒருவர் பூட்டி வைத்திருக்கும் பதிவுக்காக இன்னொருவர் காத்திருந்து, இடம் மாறி மாறி நேரத்தைக் கழிப்பார்கள். இரண்டு இறங்குதுறை உள்ள இடத்தில் நாற்பது படகை விட்டால் கடலில்தான் மிதந்துகொண்டிருக்க வேண்டும். ஹிகாரியை உருவாக்கியவர்கள் பரிந்துரைக்கும் தொடக்கக் கணக்கு எளியது: கருக்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நான்கு கரு, ஒரு வட்டு என்றால் 9. அதை வைத்துச் சோதித்துப் பார்த்துத்தான் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். இந்த எண்ணைச் சொன்னால் நம்ப மறுப்பவர்கள் அதிகம்.

எடுத்த இணைப்பைத் திருப்பிக் கொடுக்காமல் விடுவது இன்னொரு நோய். நிரல் ஒழுங்காக ஓடும்போது கடைசி வரியில் இணைப்பைத் திருப்பித் தரும். நடுவில் பிழை வந்தால் அந்தக் கடைசி வரிக்கே போகாது. ஒரு படகு அக்கரைக்குப் போனது, திரும்பி வரவில்லை. முதல் நாள் ஒன்று, மறுநாள் இரண்டு. பத்தாவது படகும் போனதும் செயலி அப்படியே நின்றுவிடும். உடனே யாராவது சர்வரை ரீஸ்டார்ட் செய்வார்கள். எல்லாப் படகுகளும் திரும்பிவிடும். மூன்று நாளில் மறுபடியும் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் ரீஸ்டார்ட் செய்வதையே வழக்கமாக்கிக்கொண்ட அலுவலகங்கள் உண்டு. பிழை வந்தாலும் வராவிட்டாலும் இணைப்பைத் திருப்பித் தரும் வசதி இன்றைய மொழிகளில் எல்லாம் இருக்கிறது. ஜாவாவில் 2011இலேயே வந்துவிட்டது. ரீஸ்டார்ட் செய்வதற்குப் பதில் அதைத் தேடி எழுதுவது ஒரு நாள் வேலை.

பணம் போனதா, போகவில்லையா?

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம். வாடிக்கையாளர் 38 ரிங்கிட் 50 காசுக்குப் பொருள் வாங்குகிறார். அந்தத் தொகையை அவருடைய உறுப்பினர் கணக்கிலிருந்து கழிக்கும்படி செயலி தரவுத்தளத்துக்குச் சொல்கிறது. பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. பணம் கழிந்ததா?

மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம். கட்டளை போய்ச் சேரவே இல்லை. அல்லது சேர்ந்தது, பாதி வேலையில் நின்றது, தரவுத்தளம் செய்ததை எல்லாம் திரும்ப அழித்துவிட்டது. அல்லது வேலை முழுதாக முடிந்துவிட்டது, "முடிந்தது" என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்துபோனது. கல்லாவிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும்: அமைதி. மறுபடியும் அனுப்பினால் முதல் இரண்டு நிலையில் சரி. மூன்றாவது நிலையில் 77 ரிங்கிட் கழிந்துவிடும். அனுப்பாமல் விட்டால் மூன்றாவது நிலையில் சரி. மற்ற இரண்டில் கடைக்கு நட்டம்.

இன்னும் நல்ல இணைப்பு போட்டால் தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இது அடிப்படையான கணக்கு. இரண்டு குன்றுகளில் நிற்கும் இரண்டு தளபதிகள், எதிரி நடமாடும் பள்ளத்தாக்கு வழியாகத் தூதர்களை அனுப்பித் தாக்கும் நேரத்தை முடிவு செய்ய வேண்டும். எந்தத் தூதரும் வழியில் பிடிபடலாம். "வந்து சேர்ந்தது" என்ற பதிலும் தொலையலாம், அந்தப் பதிலுக்கான பதிலும் தொலையலாம். எத்தனை தூதர்களை அனுப்பினாலும் இருவரும் முழு உறுதி பெற முடியாது. கணினி அறிஞர்கள் 1975இல் இந்தச் சிக்கலை எழுதி வைத்தார்கள்; ஜிம் கிரே 1978இல் அதை இரு தளபதிகள் சிக்கல் என்ற பெயரில் பிரபலமாக்கினார்.

உறுதி கிடைக்காது என்பதை ஏற்றுக்கொண்டால், வேறு வழியில் போகலாம். இரண்டு முறை வந்தாலும் ஒரு முறை வந்தது போலவே நடக்கும்படி கட்டளையை அமைத்துவிட வேண்டும். காசோலை இப்படித்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு காசோலைக்கும் ஓர் எண் உண்டு. அதே எண்ணை இரண்டாவது முறை கொண்டுபோனால் வங்கி பணம் தராது. செயலியிலும் அதேபோல, கட்டளையை அனுப்புவதற்கு முன்பே கல்லாக் கணினி அந்த விற்பனைக்கு யாருக்கும் வராத ஓர் எண்ணை உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரே எண் இரண்டு முறை பதிவாகக் கூடாது என்று தரவுத்தள அட்டவணைக்குக் கட்டளை இட வேண்டும். பதிவும் கழிவும் ஒரே பரிவர்த்தனைக்குள் நடக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் அதே எண்ணோடு மறுபடியும் அனுப்பலாம். முன்பே முடிந்திருந்தால் "இது ஏற்கெனவே இருக்கிறது" என்று தரவுத்தளம் மறுத்துவிடும். அந்த மறுப்பே நமக்கு வேண்டிய பதில். எண்ணை முதலிலேயே உருவாக்க வேண்டும் என்பது முக்கியம். மறுமுயற்சியின்போது புதிய எண் போட்டால் எல்லாம் வீண்.

இதற்குப் பக்கத்திலேயே ஒரு பொறி உண்டு. இணைப்பு அறுந்தால் யாருக்கும் சொல்லாமல் தானாகவே மறுஇணைப்புப் போடும் வசதி சில மென்பொருள்களில் இருக்கிறது. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் ஒரு விற்பனையில் இரண்டு படி என்று வைத்துக்கொள்ளுங்கள்: கையிருப்பில் ஒரு மூட்டை அரிசியைக் குறை, பில்லைப் பதிவு செய். முதல் படி முடிந்ததும் இணைப்பு அறுகிறது. விதிப்படி தரவுத்தளம் அந்தக் குறைப்பை ரத்து செய்கிறது. செயலியோ எதுவும் தெரியாமல் புதிய இணைப்பில் இரண்டாவது படியைச் செய்துவிடுகிறது. பில் இருக்கும், கையிருப்பு குறைந்திருக்காது. மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது ஒரு மூட்டை எங்கே போனது என்று வேலைக்கு இருக்கும் பையனைக் கேட்பார்கள். மை-எஸ்கியூஎல்லின் ஜாவா கையேடே இந்த வசதியைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்கிறது. அறுந்தால் பரிவர்த்தனை முழுவதையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், நடுவிலிருந்து அல்ல.

எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டினால்

மறுமுயற்சிக்கும் ஒரு நாகரிகம் வேண்டும். 2021 மே மாதம் அஸ்ட்ராசெனகா தடுப்பூசிக்கு இணையத்தில் முன்பதிவு திறந்தபோது, பக்கம் திறக்காமல் மலேசியர்கள் தவித்ததையும், பொறுப்பமைச்சராக இருந்த கைரி ஜமாலுடின் மன்னிப்புக் கேட்டதையும் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட நேரத்தில் நம் கை என்ன செய்யும்? புதுப்பிப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் அழுத்தமும் ஒரு புதிய கோரிக்கை. பழைய கோரிக்கை உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். மனிதர்களாவது சலித்துப்போய் விட்டுவிடுவார்கள். செயலிகளுக்குச் சலிப்பு கிடையாது. விழுந்த சர்வர் எழுந்து நின்றதும் ஆயிரம் செயலிகள் ஒரே கணத்தில் இணைப்புக் கேட்டு அதை மறுபடியும் வீழ்த்திவிடும்.

இதற்கான மருந்து 1970களிலேயே கிடைத்துவிட்டது. ஹவாய்த் தீவுகளில் வானொலி வழியாகக் கணினிகளை இணைத்த அலோஹாநெட் 1971இல் இயங்கத் தொடங்கியது. இருவர் ஒரே நேரத்தில் பேசிச் செய்தி மோதினால், ஆளுக்கொரு தற்செயலான நேரம் காத்திருந்து மறுபடியும் அனுப்புவார்கள். ராபர்ட் மெட்கால்ஃப் 1973இல் ஈதர்நெட்டை வடிவமைத்தபோது இந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டார். மோதல் தொடர்ந்தால் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவது அதில் சேர்ந்தது. தரவுத்தள இணைப்புக்கும் அதே மருந்துதான்: 1 வினாடி, 2, 4, 8 என்று கூட்டுங்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தற்செயலைக் கலந்துவிடுங்கள், சில முறைக்குப் பிறகு நிறுத்திவிட்டு மனிதருக்குச் சொல்லுங்கள்.

இத்தனையும் தெரிந்தவர்களுக்கும் அடி விழும். உலகின் நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப், 2018 அக்டோபரில் சந்தித்தது அப்படி ஒன்று. மலேசிய நேரப்படி அக்டோபர் 22, காலை 6.52. அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழுதான ஒளியிழைக் கருவியை மாற்றும்போது தரவு மையத்துக்கான இணைப்பு 43 வினாடி நின்றது. அதற்குள் தானியங்கிக் கண்காணிப்பு மென்பொருள், கிழக்கில் உள்ள தலைமைத் தரவுத்தளம் போய்விட்டது என்று முடிவு கட்டி, மேற்குக் கரையில் இருந்த நகலைத் தலைமையாக உயர்த்திவிட்டது. கிழக்கில் கடைசிச் சில வினாடிகளில் எழுதியவை மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. இணைப்பு திரும்பியதும் புதிய எழுத்துகள் மேற்கில் விழத் தொடங்கின. இப்போது இரண்டு கரையிலும், மற்றதில் இல்லாத பதிவுகள். பரபரப்பான ஒரு தரவுத்தளத்தில் அப்படி மாட்டிக்கொண்ட எழுத்துகள் 954. சேவையைச் சீக்கிரம் மீட்பதா, ஒரு பதிவும் தொலையாமல் காப்பதா என்ற கேள்வி வந்தபோது அவர்கள் பதிவுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பல டெராபைட் காப்புப் பிரதிகளை மீட்டு, வரிசையைச் சரிசெய்து முடிக்க 24 மணி 11 நிமிடம் ஆனது. நிறுவனம் நடந்ததை மணிக்கணக்கோடு வெளியிட்டது. கல்லூரி மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய ஆவணம் அது.

நம் மளிகைக்கடைக்கு இரண்டு கரையும் வேண்டாம், தானியங்கித் தலைமை மாற்றமும் வேண்டாம். இணையம் நின்றாலும் பில் போட முடிய வேண்டும், அவ்வளவுதான். கல்லாக் கணினிக்குள்ளேயே எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தை வைக்கலாம். அதற்குச் சர்வரே கிடையாது. எல்லாம் ஒரு கோப்பு. உங்கள் கைப்பேசிக்குள் அது ஏற்கெனவே இருக்கிறது. விற்பனையை முதலில் அங்கே எழுதிவிட்டு, இணைப்புக் கிடைக்கும்போது, முன்பே போட்ட எண்ணோடு மையத் தரவுத்தளத்துக்கு அனுப்பினால் போதும். உறுப்பினர் கணக்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை மட்டும் இணையம் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் ரொக்கம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நிரல் எழுதிப் பழகும் மாணவர்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மை-எஸ்கியூஎல்லின் அந்த 28,800ஐ 10 என்று மாற்றிவிட்டால் ஓர் இரவு பத்து வினாடியில் கழிந்துவிடும். செயலியைத் திறந்து ஒரு பில் போட்டு, இருபதுவரை எண்ணிவிட்டு அடுத்த பில்லைப் போடுங்கள். அது சரியாகப் போனால், பில் அனுப்பும் கணத்தில் வலைக்கம்பியைப் பிடுங்கி, அரை நிமிடம் கழித்து மாட்டுங்கள். இதை இருபது முப்பது முறை செய்தபின் விற்பனை அட்டவணையைத் திறந்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு விற்பனை எண்ணுக்கும் ஒரே ஒரு வரிதான் இருக்க வேண்டும். கையிருப்புக் கணக்கும் அதோடு ஒத்துப்போக வேண்டும்.